இணையவழிப் பயிற்சி: முதல் பெஞ்சு யாருக்கு?

ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுதுபார்க்கக் கற்றுத்தருகிறோம் என்று இணையத்தில் வகுப்பு நடத்துவோர் பெருகிவிட்டார்கள். அரசும் இதில் பின்தங்கவில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களின் பாடங்களை ‘பாரத் ஸ்கில்ஸ்’ தளத்தில் யாரும் எடுத்துப் படிக்கலாம். 2023 செப்டம்பரில் வந்த ‘ஸ்கில் இந்தியா டிஜிட்டல் ஹப்’ பயிற்சிகளைக் கைபேசிக்கே கொண்டுவந்துவிட்டது. யூடியூபில் தமிழிலேயே கம்ப்ரசரைப் பிரித்துக் காட்டுகிறார்கள். நம் தொழிலில் பலருக்கு இதில் நம்பிக்கை இல்லை. “ஸ்பேனரைத் தொடாதவன் எப்படி மெக்கானிக் ஆவான்?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதோடு சேர்த்துக் கேட்கவேண்டிய இன்னொன்றை நாம் கேட்பதே இல்லை. இருபது வருடமாக ஸ்பேனர் பிடித்த மெக்கானிக், இன்று புதிதாக வரும் மெஷினை எங்கே போய்க் கற்றுக்கொள்வார்?

இணைய வகுப்பின் முதல் பெஞ்சு அவருக்குத்தான் என்பது எங்கள் உறுதியான கருத்து. இப்போது நடப்பது தலைகீழ். தொழிலே தெரியாத இளைஞரைத் திரைக்கு முன் உட்காரவைத்துச் சான்றிதழ் கொடுக்கிறோம். கை நன்றாகப் பழகியவரை, “உனக்குத்தான் எல்லாம் தெரியுமே” என்று விட்டுவிடுகிறோம்.

ஃபிரிட்ஜையே எடுத்துக்கொள்வோம். ஆர்-12 காலத்திலும், அதற்குப் பின் ஆர்-134ஏ காலத்திலும் தொழில் பழகியவரின் கையில் ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கும். கம்ப்ரசர் மாற்ற வேண்டுமென்றால் கேஸை வெளியே விடுவார், டார்ச்சைப் பற்றவைப்பார், பழைய ஜாயின்ட்டைச் சூடாக்கி இழுத்துவிடுவார். அந்த கேஸ்கள் தீப்பிடிக்காதவை என்பதால் ஒன்றும் ஆகவில்லை. இன்று வரும் புது ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சமையல் கேஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. தீப்பற்றும் தன்மையில் ஏ3 என்ற உச்ச வகுப்பில் இருக்கிறது.

ஒரு ஃபிரிட்ஜில் இருப்பது சில பத்து கிராம்தான். வீட்டு ஃபிரிட்ஜுக்கான சர்வதேசப் பாதுகாப்புத் தரம் வைத்திருக்கும் வரம்பே 150 கிராம். இவ்வளவு கொஞ்சத்தில் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஆனால் அது காற்றைப்போல இருமடங்கு கனம். கதவு சாத்திய சமையலறையில் தரையோடு தேங்கி நிற்கும். அதைவிட ஏமாற்றுவது எண்ணெய். கேஸ் முழுவதும் வெளியேறிவிட்டது, கேஜ் பூஜ்யம் காட்டுகிறது என்று நாம் நினைக்கும்போதும், கம்ப்ரசர் எண்ணெயில் கரைந்த பங்கு மெல்ல மெல்லக் கிளம்பி வந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் டார்ச்சைக் காட்டினால் குழாய் வாயிலேயே தீ பிடிக்கும். அதற்கு நேராக இருப்பது நம் ஆளின் முகம்.

செய்யவேண்டிய வரிசை ஒன்றும் கடினமில்லை. முதலில் கம்ப்ரசரிலும் பின்பக்கத்திலும் ஒட்டிய லேபிளைப் படித்து, உள்ளே இருப்பது என்ன கேஸ் என்று உறுதிசெய்ய வேண்டும். ஜன்னலைத் திறந்து, அடுப்பை அணைத்து, கேஸை ஹோஸ் வழியாக வெட்டவெளிக்கு விட வேண்டும். வேக்கம் பம்பின் சுவிட்சில் தோன்றும் பொறியே போதும் என்பதால் பம்பை வேலை நடக்கும் இடத்தில் வைத்து இயக்கக் கூடாது. வேக்கம் இழுத்து, நைட்ரஜன் விட்டு அலச வேண்டும். குழாயை டியூப் கட்டரால்தான் அறுக்க வேண்டும். டார்ச்சுக்கு வேலை அதற்குப் பிறகுதான். கடைசியில் சார்ஜ். இங்கே கேஜைப் பார்த்து, குழாயைத் தொட்டுப் பார்த்து கேஸ் ஏற்றும் பழைய முறை உதவாது. 60 கிராம் கொள்ளும் ஃபிரிட்ஜில் 10 கிராம் கூடினால் ஆறில் ஒரு பங்கு கூடிவிட்டது என்று பொருள். டிஜிட்டல் தராசு வேண்டும்.

இதில் அந்த மெக்கானிக்குக் கைவேலை என்று புதிதாக ஒன்றும் இல்லை. குழாய் அறுக்கவும் பிரேசிங் போடவும் நம்மில் பலரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரியாதது வரிசையும் அதற்கான காரணமும்தான். அதை அரை மணி நேர வீடியோ, அவர் தமிழில், அவர் கைபேசியில், இரவு சாப்பிட்ட பிறகு சொல்லிக்கொடுத்துவிடும். உயிரைக் காக்கும் பாடம் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறபோது அதை அவரிடம் கொண்டுசேர்க்காமல் இருப்பதை எங்களால் ஏற்க முடியவில்லை.

இன்வெர்ட்டர் ஏசியிலும் நிலைமை இதுதான். வீட்டு லைனில் வருகிற 230 வோல்ட், அவுட்டோர் யூனிட் போர்டில் டிசியாக மாறி 325 வோல்ட் அளவில் கெப்பாசிட்டரில் நிற்கிறது. சில போர்டுகளில் இன்னும் கூடுதல். எம்சிபியை இறக்கிய பிறகும் சில நிமிடம் அது இறங்காது. மீட்டர் வைத்துப் பார்க்காமல் போர்டில் விரல் வைத்தவர்கள் பட்ட அடியை நாமெல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். உயிர் தப்பினாலும் பணம் தப்புவதில்லை. இன்டோரும் அவுட்டோரும் பேசிக்கொள்ளவில்லை என்று ஒரு எரர் கோடு வந்தால், “போர்டு போயிடுச்சு” என்பதுதான் பெரும்பாலும் முதல் தீர்ப்பு. சென்னையிலும் கடலோர ஊர்களிலும் இதே கோடு, இரண்டு யூனிட்டுக்கும் இடையே ஓடும் கேபிளின் டெர்மினல் உப்புக்காற்றில் பச்சை பூத்ததால் வந்ததாகவும் இருக்கும். ஒயரிங் படத்தைப் படித்து, எந்த முனையில் எவ்வளவு வோல்ட் ஏறி இறங்க வேண்டும் என்று தெரிந்தவர் அதைப் பத்து நிமிடத்தில் பிடித்துவிடுவார். தெரியாதவர் பல ஆயிரம் ரூபாய்க்கு போர்டு மாற்றச் சொல்வார். வாடிக்கையாளர் அவரைத் திருடன் என்பார். அவர் திருடவில்லை; அவருக்கு யாரும் படம் படிக்கச் சொல்லித்தரவில்லை. படம் படிக்கக் கற்றுத்தர திரையைவிட நல்ல இடம் இல்லை. நிறுத்தலாம், பெரிதாக்கலாம், திரும்ப ஓட்டலாம்.

கேஸ் மாற்றம் இத்தோடு நிற்கப்போவதும் இல்லை. 2016 கிகாலி ஒப்பந்தத்தை இந்தியா 2021-ல் ஏற்றது. அதன்படி நம் நாட்டில் ஹெச்எஃப்சி கேஸ்களின் குறைப்பு 2032-ல் தொடங்குகிறது. ஆர்-410ஏ போய் ஆர்-32 வந்ததை இப்போதே பார்க்கிறோம். ஆர்-290, அதாவது புரொப்பேன் போட்ட ஏசியும் சந்தையில் இருக்கிறது. 2019-ல் வெளியான இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம், 2022-23க்குள் ஒரு லட்சம் சர்வீஸ் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றும் கொடுப்பதாக இலக்கு வைத்தது. அந்த நோக்கத்தை மனமார வரவேற்கிறோம். கேஸ் மாறுகிற ஒவ்வொரு முறையும் எல்லோரையும் வகுப்பறைக்கு இழுத்துவர முடியாது என்பதால்தான் திரை வேண்டும் என்கிறோம்.

புதிதாக வருகிறவர் விஷயம் வேறு. அவருக்குத் திரை தர முடியாதது எது என்பதை ஒரு ஃபிளேர் ஜாயின்ட்டை வைத்தே சொல்லலாம். கட்டரை ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சமாகத்தான் இறுக்க வேண்டும். அவசரப்பட்டால் குழாய் நசுங்கி வட்டம் கெடும். அறுத்த வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பிசிறெடுக்க வேண்டும், செம்புத்தூள் உள்ளே விழக் கூடாது. நட்டை முதலில் மாட்டிக்கொள்ள மறக்கக் கூடாது. விரித்த விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே அகலத்தில், கண்ணாடிபோலப் பளபளக்க வேண்டும். நட்டைக் கையாலேயே பல சுற்று ஏற்றி, கடைசியில் மட்டும் டார்க் ரென்ச். எங்கே நிறுத்துவது என்பது விரலுக்குத் தெரிய வேண்டும். சுமாராகப் போட்ட ஃபிளேர் அன்றே லீக் ஆகாது. சோப்பு நுரைச் சோதனையில்கூடத் தப்பிவிடும். அடுத்த கோடையில் “கூலிங் வரலை” என்று போன் வரும். வீடியோவில் இதை நூறு முறை பார்த்தாலும், முதல் இருபது ஃபிளேரைக் குப்பையில் போட்டால்தான் இருபத்தோராவது தேறும்.

ஆனால் அதே இளைஞர், மைக்ரான் கேஜ் சொல்வதைத் திரையிலேயே கற்றுக்கொள்ளலாம். 500 மைக்ரானுக்குக் கீழே இழுத்து வால்வை மூடிவிட்டுப் பார்க்க வேண்டும். கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக். ‘இருபது நிமிடம் பம்ப் ஓட்டினால் போதும்’ என்று கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்கிற நம்மில் பலரைவிட இதில் அவர் முந்திவிடுவார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இருவருக்கும் லாபம்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் குளிர்பதன - ஏசி மெக்கானிக் பிரிவு இரண்டு வருடப் படிப்பு. அதை ஒரு மாதத் திரை வகுப்பாகச் சுருக்கி ‘டெக்னீஷியன்’ என்று பட்டம் கொடுப்பதை நாங்கள் ஏற்கவில்லை. நான்காவது மாடி ஜன்னலுக்கு வெளியே பெல்ட் கட்டி நின்று வேலை செய்யப்போகிறவருக்கு அது பாதுகாப்பும் இல்லை. இணைய வகுப்பு முடித்தவர் குறைந்தது ஆறு மாதம் ஒரு கடையிலோ சர்வீஸ் சென்டரிலோ வேலை பழகி, செய்த வேலைகளைப் பதிவேட்டில் எழுதி, மூத்த மெக்கானிக்கின் கையெழுத்து வாங்கிய பிறகே சான்றிதழ் செல்லும் என்று விதி வர வேண்டும்.

அந்த விதி வந்தால் பொறுப்பு நம் தலையில்தான் விழும். “எல்லாம் யூடியூபில் கத்துக்கிட்டு வந்துடறானுங்க” என்று சலித்துக்கொள்கிறோம். பல கடைகளில் ஹெல்பர் பையன் ஏணி தூக்குகிறான், காயில் கழுவுகிறான், டீ வாங்கிவருகிறான். மேனிஃபோல்ட் கேஜை அவன் கையில் கொடுப்பதில்லை. கற்றுக்கொடுத்தால் தனிக்கடை போட்டுவிடுவான் என்ற பயம். இரவில் அவன் கைபேசியில் தேடிப் பார்ப்பது நாம் பகலில் சொல்லாமல் விட்டதைத்தான்.

நிறுவனங்களின் பங்கும் இருக்கிறது. இணையப் பாடங்களில் பொதுப்படையான படங்கள் மட்டும் வருவதற்குக் காரணம், சர்வீஸ் மேனுவலும் எரர் கோடு பட்டியலும் அங்கீகரிக்கப்பட்ட மையங்களைத் தாண்டி எளிதில் வெளியே வராததுதான். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, அந்த ஆண்டு டிசம்பர் 24-ல் அதற்கான இணையதளமும் வந்தது. பயிற்சிப் பாடம் எழுதுவோருக்கும் தனிக்கடை மெக்கானிக்குக்கும் ஒயரிங் படங்கள் கிடைக்கும்வரை அந்த உரிமை முழுமையாகாது.

நேரத்தையும் யோசிக்க வேண்டும். பிப்ரவரி முதல் ஜூன் வரை நம் ஆட்களுக்குச் சாப்பிடவே நேரமில்லை. அப்போது வகுப்பு வைத்துவிட்டு ‘யாரும் சேரவில்லை’ என்று கணக்குக் காட்டுவது சரியில்லை. ஐப்பசியில் மழை பிடித்ததும் ஏசி வேலை அடங்கும். பயிற்சிக்கு அதுதான் பருவம். பாடம் ஒவ்வொன்றும் இருபது நிமிடத்துக்கு மிகாமல், டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளும்படி இருக்கட்டும். முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் மத்திய அரசுத் திட்டத்தின் தேர்வோடு அதை இணைத்தால், அனுபவமுள்ளவருக்குக் கையில் ஒரு சான்றும் கிடைக்கும். செய்முறைக்கு மாதம் இரண்டு நாள் போதும். அரசு தொழிற்பயிற்சி நிலையப் பட்டறைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்துவைக்கக் கேட்கலாம். நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவருக்கு அன்றைய படி கொடுக்கவும் கேட்க வேண்டும். இதை மாவட்டச் சங்கங்கள் எழுத்தில் கேட்கட்டும். புரட்டாசிக்குள் மனுக்கள் போய்ச் சேர்ந்தால் இந்த மழைக்காலத்திலேயே தொடங்கிவிடலாம்.