கோல்ப் மைதானப் புல்லும் லாரித் தண்ணீரும்

மாசி பிறந்துவிட்டால் சந்தாபுராவில் எங்கள் தெரு முழுவதும் தண்ணீர் லாரியின் ஹாரனுக்குக் காது கொடுத்தே இருக்கிறது. ஆழ்குழாய்க் கிணறு வற்றி இரண்டு கோடை ஆயிற்று. ஊருக்கு ஏரி ஒன்று உண்டு. அதன் கதியை ஊரே அறியும். அது கெட்டதற்காக 2022-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் திருப்பத்தூர்க்காரர். ஒரு கோல்ப் மைதானத்தில் இருபது வருடமாக மாலி வேலை. ஒரு நாள் ஹீலலிகே ஸ்டேஷனில் இறங்கி இருவரும் நடந்து வந்தோம். மனசு பொறுக்காமல் கேட்டுவிட்டேன்: "அண்ணே, குடிக்கவே தண்ணி இல்லை. உங்க புல்லுக்கு மட்டும் எங்கேருந்து வருது?"

"போர்வெல் தண்ணிதான் தம்பி. அதுவும் நம்ம அருகம்புல் ஜாதிதான். அதுக்கு இவ்வளவு தண்ணி வேணாம். ஆனா மஞ்சள் தெரிஞ்சா மேஸ்திரி என்னைத்தான் கேப்பார். பயந்துகிட்டுத் திறந்துவிடறேன்" என்றார்.

அவர் சொன்னது சரி. 'பெர்முடா' என்ற பெரிய பெயரில் கோல்ப் மைதானங்களில் வளர்ப்பது பிள்ளையாருக்குச் சாத்தும் அருகின் இனமே. வெயிலை விரும்பும் புல். தண்ணீர் குறைந்தால் இலை காயும். மண்ணுக்குள் ஓடும் தண்டு பிழைத்துக் கிடந்து மழைக்குத் தளிர்க்கும்.

குழியைச் சுற்றியுள்ள 'கிரீன்' மட்டும் சங்கடமான இடம். அங்கே புல்லை மூன்று, நான்கு மில்லிமீட்டருக்கு ஒட்ட வெட்டுகிறார்கள். இலை குறைந்தால் வேரும் மேலோடு நின்றுவிடும். கோடையில் வெட்டும் உயரத்தைக் கொஞ்சம் கூட்டினாலே பாதிக் கவலை தீரும். விடியுமுன் வேர்வரை நனையப் பாய்ச்சி, மண் சற்றுக் காய்ந்தபின் மறுபடி பாய்ச்ச வேண்டும். அந்தியில் நனைத்தால் இரவெல்லாம் ஈரம் நின்று பூஞ்சாணம் பிடிக்கும். உச்சிவெயிலில் புல் சுருண்டால் சூடு தணிய லேசாகத் தெளித்தால் போதும். இதெல்லாம் பெரியவருக்குத் தெரியும். அவரை யார் கேட்கிறார்கள்?

2024 மார்ச்சில் பெங்களூர்க் குடிநீர் வாரியம், தோட்டத்துக்கும் கார் கழுவவும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. அந்த ஏப்ரல் 28-ல் வெயில் 38.5 டிகிரி. நிலத்தடி நீரும் நமக்குக் குடிநீர்தானே? அதைப் புல்லுக்கு விடுவானேன்?

பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் 2018 முதல் கோலார் ஏரிகளுக்குக் குழாய் வழியே போகிறது. புல்லுக்கு அந்தத் தண்ணீர் ஆகாதா? ஆகும். அதில் உப்பு இருக்கும். வடிகால் நன்றாக வைத்து, அவ்வப்போது தாராளமாகப் பாய்ச்சி உப்பைக் கழுவி இறக்க வேண்டும். அதைக் கையாளும் மாலிக்கு ரப்பர் பூட்ஸ், கையுறை, கை கழுவச் சோப்பு, ஒதுங்க நிழல் வேண்டும். மைதானங்களின் செலவுக் கணக்கில் இது ஒரு காசு பெறாது.

ஆட்டத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. பெங்களூரில் 1876-லேயே கோல்ப் கிளப் வந்துவிட்டது. நம்மவர் பலருக்கு அதில் பிழைப்பு. ஆனால் கோல்பின் தாய்நாடான ஸ்காட்லாந்தில், 2018-ல் கார்னூஸ்டியில் ஓப்பன் போட்டி நடந்தபோது திடல் காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. உலகின் பெரிய ஆட்டக்காரர்கள் அதில்தான் ஆடினார்கள். நம் ஊர்க் கனவான்களுக்கு மட்டும் சித்திரையிலும் பச்சைக் கம்பளம் கேட்கிறது.

மைதான நிர்வாகிகளுக்கு ஒரு யோசனை. பங்குனி பிறந்ததும் வாசலில் ஒரு பலகை மாட்டுங்கள்: "கோடையில் புல் பழுப்பாக இருக்கும். மாலியைத் திட்டாதீர்கள்."