வாயைக் கட்டச் சொல்லும் மெஷின்

சென்ற மாதம், எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்குத் துணையாக ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். அவளுக்குச் சில நாட்களாகத் தலைசுற்றல். வரிசையில் எல்லாரும் பெண்கள். அவள் முறை வந்தது. எடை மெஷின் மீது ஏறினாள். 63 கிலோ. உயரம் 150 சென்டிமீட்டர். நர்ஸம்மாள் கணக்குப் பார்த்துவிட்டு, வரிசை முழுவதும் கேட்கும்படி, "பி.எம்.ஐ. 28! ஏம்மா, வாயைக் கட்ட வேண்டாமா? தினம் நட!" என்றாள். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

விடியற்காலை நாலரைக்கு எழுந்து நாலு வீடுகளுக்கு நடந்தே போய் வேலை செய்கிறவளுக்குத்தான் இந்த உபதேசம்! அவள் பதில் பேசவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

எடை பார்ப்பதே தவறு என்று நான் வாதாட வரவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவிகிதம் பேருக்கு இந்த எண் 25-ஐ எட்டிவிட்டது அல்லது தாண்டிவிட்டது. அதற்கு முந்திய கணக்கெடுப்பில் அது 30.9. சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் இந்த வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைகின்றன. ஆண்களும் யோக்கியர்கள் அல்ல. அவர்கள் கணக்கு 37 சதவிகிதம். ஆனால் மெஷின் மீது ஏறி ஏச்சு வாங்குகிறவள் பெண்.

என் வழக்கு வேறு. கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பதுதான் பி.எம்.ஐ. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதை வகுத்தவர் கெத்லே என்ற பெல்ஜியக்காரர். அவர் வைத்தியர் அல்ல. வான சாஸ்திரமும் புள்ளிவிவரமும் அறிந்தவர். 'சராசரி மனிதன்' யார் என்று தேடியவர். கூட்டத்தை அளக்கப் பிறந்த கணக்கை ஒருத்தியின் குணத்துக்கு மார்க் போட உபயோகிக்கலாமா?

உடம்புக்கு மார்க் போடுவதிலும் அது தடுமாறுகிறது. அதே உயரத்தில் 54 கிலோ உள்ளவளுக்கு எண் 24. 25 வரை கவலை இல்லை என்று பழைய அட்டவணை அவளை அனுப்பிவிடும். ஆசியர்களுக்கு 23-லிருந்தே ஆபத்து கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-லேயே எச்சரித்திருக்கிறது. காரணம், நம்மவர்களுக்குக் கொழுப்பு வயிற்றில் சேர்கிறது. அதை அளக்கத் தையற்காரர் வைத்திருக்கும் டேப் போதும். பெண்ணுக்கு இடுப்பளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை. அன்று அங்கே டேப் எடுத்தவர் எவரையும் நான் காணவில்லை.

'என்ன சாப்பிடுகிறாய்?' என்று கேட்டவரும் இல்லை. நான் சொல்லுகிறேன். காலையில் ஒரு வீட்டில் சர்க்கரை போட்ட டீ. அடுத்த வீட்டில் இன்னொரு டீ. மத்தியானம் மூன்று மணிக்குச் சோறு, குழம்பு. ராத்திரி எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சிய சோறு. வீணாகக் கூடாதே என்று அதையும் அவளே தின்ன வேண்டும். ரேஷனில் அரிசி இலவசம். முட்டைக்கும் கீரைக்கும் காசு வேண்டும். அரிசி வயிற்றை நிரப்பும், ரத்தத்தை நிரப்புமா? அதே கணக்கெடுப்பு, நம் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை என்றும் சொல்லுகிறது. பருத்த உடம்பிலும் ரத்தசோகை இருக்கலாம். தலைசுற்றுகிறது என்று வந்தவளிடம் முதலில் அதையல்லவா பார்த்திருக்க வேண்டும்? வாயைக் கட்டச் சொன்னால் அவள் எதைக் கட்டுவாள்? இருக்கும் ஒரு முட்டையையும் பிள்ளைக்கே வைத்துவிடுவாள்.

நர்ஸம்மாளை நான் நோகவில்லை. அத்தனை பேரையும் ஒருத்தியாகப் பார்க்கிறவளுக்குக் கேள்வி கேட்க நேரம் ஏது? அந்த நேரத்தையும் இன்னும் ஓர் ஆளையும் கொடுக்காமல், மெஷினை மட்டும் வாங்கி வைத்தவர்களைத்தான் கேட்கிறேன். எண்ணைத் தாழ்ந்த குரலில் சொல்ல மட்டும் பணம் வேண்டாம். அதை நாளைக்கே ஆரம்பிக்கலாம்.

ரத்தப் பரிசோதனைக்கு மறுவாரம் வரச் சொல்லிச் சீட்டு கொடுத்தார்கள். அவள் போகவில்லை. "எல்லார் முன்னாலேயும் அந்த மெஷின்லே மறுபடி ஏறணுமாம்மா?" என்று என்னைக் கேட்டாள். தலைசுற்றல் இன்னும் நிற்கவில்லை. சீட்டு அவள் வீட்டு அரிசிப் பானைக்கு அடியில் கிடக்கிறது.