‘எஸ்’ விட்ட பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள்

தோட்டப் பாடசாலைகளில் ஆங்கிலப் பாடம் என்றதும் முதலில் எழும் முறைப்பாடு இதுதான்: “எத்தனை தரம் சொன்னாலும் இந்தப் பிள்ளைகளுக்கு ஒருமை பன்மை ஏறுவதில்லை.” ‘டென் பாஸ்கெட்’ என்று எழுதிய கொப்பியில் சிவப்புக் கோடு விழுகிறது. சில வகுப்புகளில் கேலியும் சேர்கிறது. ஆசிரியர்களாகவும் சங்கத்தினராகவும் இந்த முறைப்பாட்டை நாம் ஏற்கவில்லை.

பிள்ளை தன் தாய்மொழியின் வழக்கப்படியே எழுதுகிறது. மடுவத்தில் “பத்துக் கூடை”, “இருபது கிலோ” என்றுதான் சொல்கிறோம். ‘பத்து’ என்ற சொல்லே பன்மையைக் காட்டிவிடுவதால், அஃறிணைப் பெயருக்கு ‘கள்’ சேர்ப்பது தமிழில் கட்டாயமில்லை. ஆங்கிலத்திலோ எண்ணைச் சொன்ன பின்பும் ‘எஸ்’ வேண்டும். இதைத் தமிழில் விளக்கிச் சொன்னால் பாதிப் பாடம் முடிந்துவிடும். மனிதரைச் சொல்லும்போது “மூன்று பிள்ளைகள்” என்று நாமும் ‘கள்’ சேர்க்கிறோம். அங்கிருந்து தொடங்கலாம்.

உதாரணங்களும் நம் மலையிலேயே இருக்கின்றன. கொழுந்து பறிக்கும் அளவை ஆங்கிலத்தில் ‘டூ லீவ்ஸ் அண்ட் எ பட்’ என்பார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும். பன்மையும் ஒருமையும் அதிலேயே உண்டு. ‘லீஃப்’ ‘லீவ்ஸ்’ ஆவது போலவே கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ ‘நைவ்ஸ்’ ஆகிறது. அரிசிக்கு ‘ரைஸ்’, பணத்துக்கு ‘மணி’. இவற்றுக்கு ‘எஸ்’ சேர்ப்பதில்லை. ‘சைல்ட்’ ‘சில்ட்ரன்’ ஆவதையும் ‘டூத்’ ‘டீத்’ ஆவதையும் பேசிப் பேசித்தான் பழக வேண்டும். அப்படிப் பழக்க ஆசிரியர் வேண்டும்.

உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. ஆனால் பயிற்சி பெற்ற ஆங்கில ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலைகள் இன்னும் உள்ளன. அங்கே வேறு பாட ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட, பிள்ளைகள் பார்த்தெழுதுகிறார்கள். பிறகு பரீட்சையில் தவறியதும் பிள்ளையின் மூளையைக் குறை சொல்கிறோம்.

இது சங்கத்தின் விடயமா என்று சிலர் கேட்கலாம். ஆங்கிலத்தில் அச்சிட்ட கடன் படிவத்தில் ‘லோன்’ என்றால் ஒரு கடன், ‘லோன்ஸ்’ என்றால் ஒன்றுக்கு மேல். சம்பளச் சீட்டில் ‘டிடக்‌ஷன்ஸ்’ என்ற தலைப்பின் கீழ், ஊழியர் சேமலாப நிதிக்கான 8 வீதத்தோடு வேறு என்னென்ன கழிக்கப்பட்டன என்று வாசித்துக் கேள்வி கேட்க வீட்டில் ஒருவர் வேண்டும். படிவங்கள் தமிழில் வேண்டும் என்ற கோரிக்கையை நாம் கைவிடவில்லை. அது கிடைக்கும்வரை கைநாட்டு வைத்துக்கொண்டு இருக்கவும் முடியாது.

ஆகவே கிளைத் தலைவர்மார் தங்கள் தோட்டப் பாடசாலையின் ஆங்கில ஆசிரியர் வெற்றிடங்களை அதிபரிடம் கேட்டு எழுதி, அடுத்த மாவட்டக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். வலயக் கல்வி அலுவலகத்தில் அந்தப் பட்டியலோடு பேசுவோம். உயர்தரம் படித்த இளைஞர்கள் மாலையில் ஒரு மணிநேரம் லயத்துப் பிள்ளைகளோடு ஆங்கிலம் பேச முன்வர வேண்டும். பெற்றோரிடம் கேட்பது ஒன்றுதான்: கொப்பியில் சிவப்புக் கோட்டைக் கண்டால் பிள்ளையை அடிக்காதீர்கள். பாடசாலைக்கு வந்து, ஆங்கிலத்துக்கு ஆசிரியர் எங்கே என்று கேளுங்கள்.