இரவு உணவுக்கு எத்தனை மணி?

கடந்த பள்ளி விடுமுறையில் எங்கள் குடும்பம் முதன்முறையாகக் கப்பலில் சுற்றுலா சென்றது. கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கி, கிள்ளான் துறைமுகம் போய், அங்கிருந்து மூன்று இரவுகள் கடலில். பயணத்திற்குப் பதிவு செய்தபோது படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. இரவு உணவு குறித்த நேரத்தில் வேண்டுமா, விருப்பப்பட்ட நேரத்தில் வேண்டுமா? இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

என் மகனும் மகளும் சற்றும் யோசிக்காமல் "விருப்ப நேரம்" என்றார்கள். விடுமுறையிலும் மணியடித்தாற்போல் சாப்பிட வேண்டுமா என்பது அவர்கள் வாதம். என் கணவருக்கும் அதுதான் சரியாகப் பட்டது. அண்ணன் எப்போதும்போல் எதற்கும் சரி என்றார். அடுப்படியில் நின்றிருந்த என் அம்மா எட்டிப் பார்த்து, "ஏதாவது ஒரு மணியைப் போடும்மா. எல்லாரும் உட்கார்ந்தால்தான் நானும் உட்காருவேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

குறித்த நேரம் என்ற கட்டத்தில் நான் அடையாளமிட்டேன். கப்பலுக்காக மட்டும் நான் அதைச் செய்யவில்லை. வீட்டிலும் இரவு உணவுக்குக் குறித்த நேரம் வேண்டும் என்பதே என் கருத்து. இதைச் சொன்னால் பழைய காலத்து ஆள் என்பார்கள். சொல்லட்டும். முதலில் கப்பலைப் பார்ப்போம்.

பயணக் கப்பல்களில் குறித்த நேர உணவு வந்ததற்குக் காரணம் ஒழுக்கமன்று, இடப்பற்றாக்குறை. எல்லாப் பயணிகளையும் ஒரே சமயத்தில் அமர்த்த உணவுக்கூடம் போதாது. ஆகவே பயணிகளை இரண்டு பந்திகளாகப் பிரித்தார்கள். முதல் பந்தி மாலை ஆறு மணியளவில், இரண்டாம் பந்தி எட்டு மணிக்கு மேல். ஒவ்வொரு குடும்பத்திற்கும் பயணம் முடியும்வரை அதே மேசை, அதே பரிமாறுபவர். பந்தி என்ற சொல் நமக்குப் புதியதன்று. திருமண மண்டபத்தில் முதல் பந்திக்கு முந்துவோரை எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

விருப்ப நேர உணவு பரவிய கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. கெந்திங் குழுமம் 1993ஆம் ஆண்டில் ஸ்டார் குரூசஸ் என்ற கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியது. அந்நிறுவனம் 2000ஆம் ஆண்டில் நார்வீஜியன் குரூஸ் லைன் என்னும் நிறுவனத்தை வாங்கியது. அதே ஆண்டில் அந்தக் கப்பல்களில் 'ஃப்ரீஸ்டைல்' என்ற பெயரில், விரும்பிய நேரத்தில் விரும்பிய உணவகத்தில் சாப்பிடும் முறை அறிமுகமானது. பிற நிறுவனங்களும் காலப்போக்கில் அவ்வகை ஏற்பாடுகளைக் கொண்டுவந்தன.

ஆனால், அந்த ஏற்பாடு எதன்மேல் நிற்கிறது? ஒருவர் ஆறு மணிக்கும் இன்னொருவர் ஒன்பதரைக்கும் சூடாகச் சாப்பிட வேண்டுமென்றால், அந்த நேரம் முழுவதும் அடுப்பருகே ஆள் நிற்க வேண்டும். பெரிய கப்பல்களில் சமையற்காரர்களும் பரிமாறுபவர்களும் பாத்திரம் துலக்குபவர்களுமாக நூற்றுக்கணக்கானோர் முறைவைத்து வேலை செய்கிறார்கள். பயணிக்கு மணிக்கணக்கு இல்லை. பணியாளருக்கு நிமிடக்கணக்கு உண்டு. ஒருவருடைய விருப்ப நேரத்தை இன்னொருவருடைய பணி அட்டவணைதான் தாங்குகிறது. அவர்களுக்காவது அதற்குச் சம்பளம் உண்டு. வீட்டில் அந்த நூற்றுக்கணக்கானோர் எங்கே?

நான் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். இம்மலையில் 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தை நிறுவிய காலந்தொட்டு, தமிழ்க் குடும்பங்கள் இங்குத் தேயிலையோடு வாழ்ந்து வந்திருக்கின்றன. அம்மா கொழுந்து பறித்தார். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. விடியுமுன்னே பெரட்டுக்குப் போக வேண்டுமென்பதால் அம்மா நாலரைக்கே எழுந்துவிடுவார். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, மாலையில் வீடு திரும்பி, ஆறரைக்கெல்லாம் இரவுச் சோற்றை ஆக்கி முடித்திருப்பார்.

அப்பாவின் நேரம் அப்படியன்று. தொழிற்சாலைக்கு வரும் பச்சைக் கொழுந்தைக் காற்றோட்டத்தில் பரப்பி வாட்டுவார்கள். பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேலும் அது வாடும். பிறகு உருட்டி, நொதிக்கவைத்து, உலர்த்த வேண்டும். நொதித்தல் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் தேயிலையின் சுவை கெட்டுவிடும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து கிடைப்பது ஒரு கிலோ தேயிலைதான். அதைப் பாழாக்கிவிட்டு, "வீட்டில் சாப்பாட்டு நேரம்" என்று எழுந்து வந்துவிட முடியாது. கொழுந்து மிகுந்த நாள்களில் இரவு முழுவதும் இயந்திரங்கள் ஓடும். அப்பா சில நாள் ஆறு மணிக்கு வருவார், சில நாள் பத்துக்கு, சில நாள் விடியற்காலையில்.

அண்ணனுக்குப் பிரிஞ்சாங்கில் காய்கறி லாரி வேலை. மாலையில் முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்கு இறங்குபவர். ஆகவே அவர் ஐந்தரைக்கே சாப்பிட்டாக வேண்டும். நான் தானா ராத்தாவில் கூடுதல் வகுப்பு முடிந்து பேருந்து பிடித்து வர ஏழரை ஆகிவிடும். தம்பிக்கு எப்போது பசிக்கிறதோ அப்போது.

விருப்ப நேர உணவு எங்கள் வீட்டில் இப்படித்தான் நடந்தது. யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. வேலை அப்படி ஆக்கியது.

இங்கே மலையின் குளிரையும் சொல்ல வேண்டும். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிள்ளானிலோ ஈப்போவிலோ மூடிவைத்த சோற்றை இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தாலும் உண்ணலாம். இங்கே அரை மணி நேரத்தில் சோறு விறைத்துவிடும், குழம்பின்மேல் எண்ணெய் படியும். ஆகவே வருபவர் ஒவ்வொருவருக்கும் சூடு பண்ண வேண்டும். அண்ணனுக்கு ஒருமுறை, தம்பிக்கு ஒருமுறை, எனக்கு ஒருமுறை, அப்பாவுக்கு ஒருமுறை. அத்தனை முறையும் எழுந்தவர், விடியற்காலை நாலரைக்கு எழுந்த அதே அம்மா.

ஐந்தாம் படிவம் படித்தபோது ஒருநாள் வகுப்பில் எங்கள் வீட்டு அன்றாட நடைமுறைகளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். யார் எப்போது சாப்பிடுவார்கள் என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தேன். அம்மாவின் பெயருக்கு நேரே எழுத எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தம்பியைக் கேட்டேன், அவனுக்கும் தெரியவில்லை. அன்றிரவு தூங்காமல் படுத்திருந்து பார்த்தேன். பத்து மணிக்குமேல் அப்பாவின் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அடுப்புத் திண்ணையில் சாய்ந்தபடி, நின்றுகொண்டே அம்மா சாப்பிட்டார். சட்டியிலேயே மிச்சக் குழம்பைப் பிசைந்து, சூடுகூடப் பண்ணாமல்.

எனவேதான் விருப்ப நேரம் என்று யாராவது சொன்னால், யாருடைய விருப்பம் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

எதிர்வாதம் இல்லாமலில்லை. வேலைநேரம் மாறி மாறி வரும் வீட்டில் எல்லாரும் ஏழு மணிக்கு உட்கார வேண்டும் என்று சட்டம் போட்டால், அது நடக்காது. நடக்காத சட்டத்தால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். பசித்த பிள்ளையை, "அப்பா வரட்டும்" என்று காக்க வைப்பதையும் நான் ஏற்கமாட்டேன். பழைய வீடுகளில் குறித்த நேரம் இருந்தது உண்மைதான். ஆனால், ஆண்கள் உண்டு எழுந்த பிறகே பெண்கள் உட்கார்ந்தார்கள். அந்த முறையைத் திரும்பக் கொண்டுவர நான் சொல்லவில்லை. நேரத்தைக் குறித்துவிட்டு ஒருவரை மட்டும் நிற்க வைத்தால், அதற்கு விருப்ப நேரமே மேல்.

எங்கள் பாட்டிக்கு இரவு உணவு நேரம் விளக்கு வைத்த பிறகு ஏழு மணி. 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கினார்கள். அன்றிலிருந்து பாட்டியின் ஏழு மணி ஏழரையாயிற்று. "பொழுது அப்படியேதான் இருக்கு, கடிகாரத்தைத்தான் மாத்திட்டாங்க" என்று அவர் சொல்வாராம். இதை அம்மா சிரித்துக்கொண்டே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால், அதில் நான் கவனித்தது வேறு. ஒரு தீபகற்பமே தன் நேரத்தை மாற்றிக்கொண்டது. எல்லாரும் ஒரே நாளில் சேர்ந்து மாற்றியதால் பள்ளியும் பேருந்தும் தடுமாறாமல் ஓடின. அவரவர் வீட்டுக் கடிகாரத்தை அவரவர் விருப்பம்போல் வைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

குறித்த நேரம் மாறக்கூடாத நேரமாக இருக்க வேண்டியதில்லை. சேர்ந்து குறித்த நேரமாக இருந்தால் போதும்.

நோன்பு மாதத்தில் எங்கள் அண்டை வீட்டாரைப் பார்த்திருக்கிறேன். தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேச இளைஞர்கள் நால்வர் ஒரே வீட்டில் இருந்தார்கள். மற்ற மாதங்களில் ஆளுக்கொரு நேரம் சாப்பிடுபவர்கள், அந்த ஒரு மாதம் பொழுது சாய்வதற்குள் வீடு வந்து, பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் முன்னால் வைத்துக்கொண்டு சுற்றி அமர்ந்திருப்பார்கள். நோன்பு திறக்கும் நேரம் மாதத்தின் போக்கில் சற்றே மாறும். அதைப் பார்த்து வைத்துக்கொண்டு எல்லாரும் அதற்குள் வந்துவிடுவார்கள். அங்கே சமைத்தவனும் மற்றவர்களோடு உட்கார்ந்துதான் முதல் வாய் தண்ணீர் குடித்தான். ஏனென்றால் அவனும் நோன்பு.

என் வீட்டில் இப்போது என்ன செய்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் கணவர் தானா ராத்தாவில் ஒரு தங்கும் விடுதியில் வேலை செய்கிறார். அவருக்கும் முறைவேலைதான். மகள் நான்காம் படிவம். அவளுக்குப் புறப்பாட நடவடிக்கை, துணைப்பாட வகுப்பு. மகன் முதலாம் படிவம். அவனுக்குப் பூப்பந்து. ஞாயிற்றுக்கிழமை இரவு நால்வரும் அவரவர் அட்டவணையை எடுத்துக்கொண்டு உட்காருவோம். ஒவ்வொரு நாளுக்கும் நால்வருக்கும் ஒத்துவரும் நேரத்தைக் கண்டுபிடித்து, ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிடுவோம். திங்கள் எட்டரை, செவ்வாய் ஏழு என்று அது வாரத்திற்கு வாரம் மாறும். புதன்கிழமை பெரும்பாலும் ஒத்துவராது. அன்று அவரவர் நேரம்தான். ஆனால் புதன்கிழமை தாமதமாக வருபவர் தாமே சூடு பண்ணி, தாமே தட்டைக் கழுவ வேண்டும். நான் எழமாட்டேன்.

தொடங்கிய புதிதில் மகள் முணுமுணுத்தாள். எட்டரை வரை பசி தாங்காது என்றாள். நியாயம்தான், ஆறு மணிக்கு ரொட்டியும் தேநீரும் வைத்தோம். மகன் ஒரு புதன்கிழமை சாம்பாரை அடிப்பிடிக்க வைத்தான். சட்டியைத் தேய்க்க அவனுக்கு முக்கால் மணி நேரமாயிற்று. மறுவாரம் தாளை ஒட்டும்போது, "புதன்கிழமையும் ஒன்பது மணிக்கு முடியுமா பாருங்கள்" என்று அவனே கேட்டான்.

கப்பலில் எங்களுக்கு இரண்டாம் பந்தி கிடைத்தது, எட்டேகால் மணிக்கு. சன்னலோரம் வட்ட மேசை. முதல் நாள் இரவு சாப்பிட்டு முடித்ததும் அம்மா எழுந்து, எங்கள் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கிவிட்டார். பரிமாறிய இளைஞர் ஓடிவந்து, சிரித்தபடி அவர் கையிலிருந்து அவற்றை வாங்கிக்கொண்டார். இரண்டாம் நாள் அம்மா தட்டில் கைவைக்கவில்லை, ஆனால் அந்த இளைஞரிடம், "நீ பசியாறிட்டியா தம்பி?" என்று தமிழிலேயே கேட்டார். அவருக்குப் புரியவில்லை. மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். பதினொரு மணிக்குத்தான் தம் நேரம் என்று அவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

மூன்றாம் நாள் அண்ணன் பத்து நிமிடம் தாமதமாக வந்தார். அதுவரை அம்மா கரண்டியைத் தொடவில்லை. நாங்களும் தொடவில்லை.