ஒரு கோடி ரூபாய் துப்பாக்கியும் எங்க சாத்தூர் நிப்பும்

போன வாரம் நண்பர் ஒருத்தர் வீடியோ ஒண்ணு அனுப்பியிருந்தார். லண்டன்ல ஒரு துப்பாக்கிப் பட்டறை. ஒரு பெரியவர் விளக்குப் புகைக்கரியை இரும்புல தடவுறார், ரெண்டு பாகத்தையும் சேர்த்துப் பார்க்கிறார், கரி ஒட்டின இடத்துல மட்டும் அரத்தால ஒரே ஒரு இழுப்பு. மறுபடி கரி, மறுபடி அரம். நண்பர் கீழே எழுதியிருந்தார்: "இதுதான்யா கைவேலை. நம்மாளுங்களுக்கு இந்தப் பொறுமை வருமா?"

அந்தக் கடைசி வரிக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அந்த வேலை நிஜமாவே பெரிய வேலைதான். 1814ல ஆரம்பிச்ச பர்டி, 1835ல ஆரம்பிச்ச ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், இவங்க எல்லாம் ஆளுக்கு அளவெடுத்து துப்பாக்கி செய்றாங்க. தையல்காரர் சட்டைக்கு எடுக்கிற மாதிரி கை நீளம், தோள், எந்தக் கண்ணால குறி பார்ப்பீங்கன்னு எல்லாத்துக்கும் அளவு. வால்நட் கட்டையில பிடி, தனித்தனியா செஞ்சு ஒட்டின ரெண்டு குழல். ஒரு துப்பாக்கிக்கு நூத்துக்கணக்கான மணி நேரம் ஆகும். புதுசு வாங்கணும்னா ஒரு கோடி ரூபாய்க்கு மேல. சரி, இருக்கட்டும்.

ஆனா பொறுமை?

எங்க பெரியப்பா சாத்தூர்ல நிப்பு அடிச்சவர். தகட்டை வெட்டணும், ஓட்டை போடணும், எழுத்து பதிக்கணும், வளைக்கணும், நடுவுல முடி கனத்துக்குக் கீறணும், முனையைத் தேய்க்கணும், பாலீஷ் போடணும். கீறல் துளி விலகினா மை இறங்காது, இல்லேன்னா கொட்டும். அதை லென்ஸ் இல்லாம, விரல் நகத்துல வச்சுப் பார்த்தே சொல்லிடுவார். கூலி ஒரு நிப்புக்கு இல்லீங்க, கிராஸ் கணக்கு. நூத்திநாப்பத்திநாலு நிப்புக்குச் சில்லறைக் காசு. அதுல பதிச்ச பேர் யாரோ ஒரு கம்பெனியோடது. சாத்தூர்னு ஒரு எழுத்து கிடையாது.

துப்பாக்கி விஷயத்துலயும் நம்மாளுக்குக் கை இல்லாமப் போகலை. வங்காள நவாப் மீர் காசிம் 1760-கள்ல முர்ஷிதாபாத்தை விட்டு பீகார் முங்கேருக்குத் தலைநகரை மாத்தி, அங்கே ஆயுதப் பட்டறை வச்சார். அந்த ஊர்ல 12 போர் துப்பாக்கி செய்ற லைசென்ஸ் பட்டறைகள் நம்ம காலம் வரைக்கும் வந்திருக்கு. ஆனா முங்கேர்னு தேடிப் பாருங்க, கள்ளத்துப்பாக்கி செய்திதான் கொட்டும். அரம் பிடிக்கிற கை ஒண்ணுதான். லண்டன்ல இருந்தா கலைஞன், முங்கேர்ல இருந்தா சந்தேக கேஸ்.

எங்க பக்கத்துக் கதையும் கேளுங்க. பாளையக்காரர் போர் முடிஞ்சதும் 1801 டிசம்பர்ல கும்பெனி ஒரு பிரகடனம் போட்டுச்சு, இந்தச் சீமையில யாரும் ஆயுதம் வச்சிருக்கக் கூடாதுன்னு. அப்புறம் 1878 ஆயுதச் சட்டம். இந்தியன் துப்பாக்கி செய்யவும் லைசென்ஸ், வச்சிக்கவும் லைசென்ஸ், வெள்ளைக்காரனுக்கு விலக்கு. வாங்குறவனையும் செய்றவனையும் சட்டம் போட்டு நெறிச்சுட்டு, அப்புறம் "பொறுமை வருமா"ன்னா எப்படிங்க?

"அப்ப வேட்டைக்கு வக்காலத்தா?"ன்னு பின்னூட்டத்துல கிளம்பாதீங்க. 1972 வனவிலங்குச் சட்டம் வந்தது நல்லதுதான். அதே மாதிரி பால்பாயிண்ட் பேனா நிப்பை அடிச்சதுலயும் எனக்கு வருத்தம் இல்லை. மை கொட்டாது, விலையும் கம்மி, ஜெயிச்சிடுச்சு. நானே பொட்டி தட்டிப் பொழைக்கிறவன், கையெழுத்துப் போட மட்டும்தான் பேனா எடுக்கிறேன். மெஷின் வரக்கூடாதுன்னு நான் சொல்லலை.

நான் கேக்குறது வேற. மெஷின் வந்தப்போ லண்டன் பட்டறை விலையை ஏத்தி நின்னுச்சு. இங்கிலாந்துலயே பர்மிங்காம் தொழிலாளிங்க நிக்கலை. அவங்க செஞ்ச துப்பாக்கியில பலதுல ஊர் ஊரா இருந்த கடைக்காரங்க தங்க பேரைப் பொறிச்சு வித்தாங்க. ஒரு காலத்துல தெருத்தெருவா பட்டறை இருந்த அந்தப் பேட்டையில இன்னிக்கு விரல்விட்டு எண்ணலாம். ஆக, பொறுமையா, கலையாங்கிறது இல்லை விஷயம். பொருள்மேல யார் பேர் இருக்குங்கிறதுதான்.

இன்னொரு கூத்து. பர்டி 1994லேர்ந்து ரிஷ்மோன்ங்கிற சுவிஸ் கம்பெனி கையில இருக்கு. அதே கம்பெனி கையில இன்னொரு பேரும் இருக்கு: மோன்ப்ளாங். ஆமாங்க, பேனா! கைவேலை நிப்புன்னு பெருமை பேசி விக்கிற பேனா. துப்பாக்கியும் நிப்பும் ஒரே முதலாளிகிட்ட போய்ச் சேர்ந்தாச்சு. எங்க பெரியப்பா கை மட்டும்தான் சேரலை.

அதனால பதிவர் மக்களே, அடுத்த தடவை வெளிநாட்டு அரத்தைப் பார்த்து உருகுறப்போ உருகிக்குங்க, தப்பில்லை. "நம்மாளுக்கு வராது"ங்கிற வாலை மட்டும் ஒட்டாதீங்க. ஊருக்குப் போனா அங்கே தட்டுற, அடிக்கிற, தேய்க்கிற ஒருத்தர்கிட்ட "இதுல உங்க பேர் எங்கே அண்ணாச்சி?"ன்னு கேட்டுப் பாருங்க. நான் பெரியப்பாகிட்ட கேட்டேன். சிரிச்சார். "பேர் போட்டா எவன்டா வாங்குவான்?"னார்.

அதுக்குப் பதில் இன்னும் எனக்குத் தெரியலை.

டிஸ்கி: வீடியோ அனுப்பின நண்பர் இன்னும் நண்பர்தான். பதில் பதிவு போடுறதா மிரட்டியிருக்கார். வரட்டும், கும்மிடலாம்.