தரகர் யாருடைய ஆள்?

யாழ்ப்பாணச் சமுதாயத்திலே காணி வெறும் விற்பனைப் பண்டமன்று. முதுசமாகவும் சீதனமாகவும் அது தலைமுறைகளைப் பிணைத்து நிற்கிறது. அத்தகைய காணி கைமாறும் வேளையிலே, விற்பவரும் வாங்குபவரும் எழுப்ப வேண்டிய முதல் வினா எழுப்பப்படுவதேயில்லை. நடுவிலே நிற்கும் தரகர் யாருக்காக உழைக்கிறார் என்பதே அவ்வினா.

“தரகர் இரு பகுதியாருக்கும் பொதுவானவர்” என்பது வழக்கிலுள்ள விடை. கேட்பதற்கு இனிய இவ்விடை உண்மைக்கு மாறானது. விற்பவர் நாடுவது உயர்ந்த விலை. வாங்குபவர் நாடுவது குறைந்த விலை. ஒருவர் எவ்வளவுக்கு இறங்குவார், மற்றவர் எவ்வளவுக்கு ஏறுவார் என்னும் இரண்டு இரகசியங்களையும் ஒருங்கே அறிந்தவர், அவற்றுள் ஒன்றையேனும் காட்டிக்கொடாது பேரத்தை முடித்தல் அரிது.

கணக்கும் இதையே காட்டும். தரகு நூற்றுக்கு 3 எனக் கொள்க. ஒரு கோடி ரூபாவுக்குக் கேட்கப்படும் காணி, சில மாதங்கள் பொறுத்தால் 10 இலட்சம் கூடுதலாகப் பெறுமாயின், அது விற்பவருக்குப் பெருந்தொகை. தரகருக்கோ மேலதிகமாகக் கிடைப்பது 30,000 ரூபா மாத்திரமே. அதற்காக, இன்று கைக்கெட்டும் 3 இலட்சத்தை அவர் பணயம் வைப்பாரா? விற்பவருக்கோ வாங்குபவருக்கோ அன்றி, பேரம் விரைவில் முடிதலுக்கே அவர் உரியவராகிறார். “என் கைக்கு 80 இலட்சம் வந்தால் போதும்” என்று விற்பவர் கூறிவிடும்போது நிலைமை மேலும் சீர்கெடுகிறது. 95 இலட்சத்துக்கு ஆள் பிடித்து, மிகுதியை மறைத்துக்கொள்பவர் முகவர் அல்லர். முகவர் வேடம் புனைந்த வியாபாரி.

இவ்விடயத்திலே சட்டம் மௌனமாயிருக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் குடியியற் சட்டக் கட்டளைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு, முதல்வர் - முகவர் தொடர்பான வினாக்களுக்கு இங்கிலாந்துச் சட்டத்தையே இந்நாட்டின் சட்டமாக்கியது. அச்சட்டத்தின்படி முகவர் தம் முதல்வருக்கு முழு விசுவாசம் உடையவராதல் வேண்டும். இரகசிய இலாபம் பெறலாகாது. 1903 இல் தீர்க்கப்பட்ட அன்ட்றூஸ் எதிர் றாம்சே வழக்கிலே, விற்பவருடைய முகவர்கள் 50 பவுண் தரகுக்கு மேலாக, வாங்குபவரிடமிருந்தும் 20 பவுணை மறைவாகப் பெற்றிருந்தனர். நீதிமன்றம் அவ்விருபதை மாத்திரமன்றி, ஐம்பதையும் இழக்கச் செய்தது. இரு பகுதியாருக்கும் உழைக்க விரும்பும் முகவர், இருவருக்கும் அனைத்தையும் வெளிப்படுத்தி இருவரது சம்மதத்தையும் பெற வேண்டும் என்பதை 1928 இன் புல்வூட் எதிர் ஹேர்லி வழக்கு உறுதிப்படுத்தியது.

ஆயின் ஏட்டிலே கிடக்கும் இவ்வுரிமை எவருக்குப் பயன்படுகிறது? 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையிலே, இரு சாட்சிகளுடன் எழுத்தில் நிகழ வேண்டும். தரகரை அமர்த்தும் பேச்சோ படலையடியில் வாய்ச்சொல்லோடு முடிந்துவிடுகிறது. எழுத்தில்லாத இடத்திலே கடமை கரைந்துபோகிறது. கூலி மாத்திரம் எஞ்சுகிறது.

1983 க்குப் பின் ஏற்பட்ட பெரும் புலப்பெயர்வு இவ்வவலத்தை ஆழமாக்கியது. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வாழும் உரிமையாளர், அற்றோணித் தத்துவம் ஒன்றை அனுப்பிவிட்டு அமைதியடைகிறார். தரகர் ஆள் தேடித் தருபவர். தத்துவம் பெற்றவரோ உரிமையாளரின் இடத்திலே கையொப்பமிடுபவர். அக்கையொப்பம் உரிமையாளரைக் கட்டுப்படுத்தும். இவ்விரு பணிகளும் ஒருவர் கையிலே சேர்ந்து, வாங்குபவரும் அவருடைய ஆளாகவே இருந்துவிட்டால், விலை பேசியது யாருடன் யார்?

வாங்குபவரின் நிலையும் மேலானதன்று. தேசவழமைக்குட்பட்ட காணியிலே, 1947 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி கூட்டுரிமையாளருக்கும் உரித்தாளராகக்கூடியோருக்கும் முற்கொள்வனவு உரிமை உண்டு. மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது 1911 இன் சட்டம். (அதன் அநீதி தனியே ஆராயத்தக்கது.) “எல்லாம் சரி” என்ற தரகரின் சொல்லை நம்பி, அவரே கூட்டிவந்த நொத்தாரிசிடம், பதிவேட்டுத் தேடுதல் வேண்டாமென்று கையெழுத்திட்டுக் கொடுப்பவர் பின்னர் நீதிமன்றப் படியேறுகிறார். தரகர் அப்போது அடுத்த காணியிலே நிற்பார்.

தரகரும் உழைப்பாளிதானே, அவரை ஏன் பழிக்க வேண்டும் எனச் சிலர் வினவக்கூடும். அலைந்து ஆள் தேடுதல் உழைப்பே. அதற்குக் கூலியும் நியாயமே. நேர்மையான தரகரும் உளர். ஆயின் தனிமனித நேர்மையை நம்பி நிற்கும் அமைப்பு, நேர்மையற்றவனுக்கே பரிசளிக்கும். தாம் யாருடைய முகவர், கூலி எவ்வளவு, அதை யார் தருவர், மறுபக்கத்தாரோடு தமக்கு என்ன தொடர்பு ஆகிய நான்கையும் ஒற்றைத் தாளிலே தமிழில் எழுதிக் கையொப்பமிட மறுப்பவரிடம் எவரும் காணியை ஒப்படைத்தலாகாது. வாங்குபவர் தமக்கென வேறு சட்டத்தரணியை அமர்த்துதல் வேண்டும்.

அத்தகைய மாதிரிப் பத்திரமொன்றை ஆக்கிக் கிராமந்தோறும் பரப்புதல் சட்டங் கற்றோரின் கடன். அறிவு பரீட்சைத் தாளோடு நின்றுவிடுமாயின், காணி தரகரின் சட்டைப்பையிலேயே எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்.