ஒன்பது நிமிடத் தீர்ப்பு

ஏட்டைப் பூட்டிவிட்டால் எண்ணம் மாண்டுவிடுமா? மாண்டுவிடும் என்று நம்பியவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. செல்வம் கொழித்த அமெரிக்காவிலும் இருந்தார்கள்.

1925ஆம் ஆண்டு டென்னஸி மாநிலம் ஒரு சட்டம் செய்தது. பைபிள் கூறும் படைப்பை மறுத்து, கீழான உயிரினத்திலிருந்து மனிதன் தோன்றினான் என்று அரசுப் பள்ளியில் கற்பிப்பது குற்றம்! டேட்டன் என்னும் சிற்றூரில் 24 வயது ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸ் குற்றவாளியாக நிறுத்தப்பட்டார். அவர் கையில் இருந்தது கள்ளத்தனமாக வந்த நூலா? இல்லை. மாநில அரசே பள்ளிகளுக்கென ஏற்றுக்கொண்ட பாடநூல்! ஒரு கை நூலை நீட்டிற்று. மறு கை விலங்கை நீட்டிற்று.

அரசுத் தரப்பில் வாதாட வந்தவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். பிற்போக்காளர் என்று ஒரே சொல்லில் அவரை ஒதுக்கிவிட வேண்டாம், தோழர்களே! குடியரசுத் தலைவர் பதவிக்கு மும்முறை நின்றவர், மும்முறையும் தோற்றவர். உழவனுக்காக முழங்கியவர். பணமூட்டைகளைப் பகைத்துக்கொண்டவர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர். நாடு போரை நோக்கி நகர்கிறது என்று 1915இல் அமைச்சர் பதவியை உதறியவர்.

அவர் ஏன் அந்தப் பக்கம் நின்றார்? வலுத்தவன் வாழ்வான், இளைத்தவன் வீழ்வான் என்ற பாடம் ஏழையின் கழுத்துக்குக் கத்தியாகும் என்று அஞ்சினார். அஞ்சியதற்குக் காரணமும் இருந்தது. அதே பாடநூல் மனித இனங்களை மேல், கீழ் என்று அடுக்கி, வெள்ளையரை உச்சியில் வைத்தது!

நோயைக் கண்டவர் மருந்தில் தவறினார். வாதத்தால் வெல்ல வேண்டியதற்குச் சட்டத்தைத் துணைக்கு அழைத்தார். அந்தச் சட்டமாவது இன ஆணவத்தைத் தடுத்ததா? தொடவே இல்லை! மனிதன் தோன்றிய வரலாற்றை மட்டுமே தடுத்தது.

வரி கொடுக்கும் மக்களே பாடத்தை முடிவு செய்யட்டும் என்றார் பிரையன். பெரும்பான்மை ஆட்சியை அமைக்கலாம். உண்மையை அமைக்க முடியுமா? கையைத் தூக்கச் சொல்லி எண்ணிப் பார்த்தா உலகம் உருண்டை என்று கண்டோம்?

ஜூலை 20ஆம் நாள், நீதிமன்றப் புல்வெளியில், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ பிரையனையே கேள்விக் கணைகளால் துளைத்தார். படைப்பு நாள் ஒவ்வொன்றும் 24 மணி நேரந்தானா? அப்படி இருக்க வேண்டியதில்லை என்று ஒப்பினார் பிரையன். வேதத்துக்கு அவர் பொருள் விரித்தால் பக்தி. ஆசிரியர் ஆராய்ந்தால் குற்றமா?

மறுநாள் ஜூரிகள் ஒன்பதே நிமிடத்தில் குற்றவாளி என்றனர். அபராதம் 100 டாலர். ஐந்தாம் நாள் அதே ஊரில் பிரையன் மறைந்தார். அபராதத்தை ஜூரிகள் விதிக்காமல் நீதிபதி விதித்தார் என்ற காரணங்காட்டி, 1927இல் மேல்மன்றம் தண்டனையை நீக்கியது, சட்டத்தை நீக்கவில்லை. அது நீங்கியது 1967இல்! 42 ஆண்டுகள்!

இதில் இழந்தவன் யார்? சீமான் வீட்டுப் பிள்ளைக்கு வீட்டிலேயே நூலகம் உண்டு. பாட்டாளியின் பிள்ளைக்குப் பள்ளிப் பாடநூலே நூலகம். அதில் ஒரு பக்கம் கிழிந்தால் கிழிவது அவன் அறிவு.

தவறான நூலுக்கு மறுப்பு, இன்னொரு நூல். விலங்கு அல்ல!